மாமியார் படித்த கல்லூரிக்கு மகள் போகலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், வட கரோலினாவின் ஷார்லட் பக்கம் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் மதுரை. கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். ஒரே மகள், இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. உயிரியல் படிக்க வேண்டும் என்கிறாள். மார்க் நன்றாக இருப்பதால் சேப்பல் ஹில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று பள்ளியில் சொல்கிறார்கள். அவளோ கிரீன்ஸ்பரோவில் உள்ள பென்னட் கல்லூரிக்குப் போகிறேன் என்கிறாள். கறுப்பினப் பெண்களுக்காக நடக்கும் சின்னக் கல்லூரி. மொத்தமே சில நூறு மாணவிகள். என் மாமியார் அறுபதுகளில் அங்கேதான் படித்தார். சில வருடங்களுக்கு முன் அந்தக் கல்லூரியின் அங்கீகாரம் பறிபோனது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பட்டம் செல்லுமா? பாதியில் மூடிவிட்டால் என்ன செய்வது? பின்னால் மருத்துவம் படிக்க முடியுமா? ஊரில் கேட்டால் என்ன காலேஜ் என்று சொல்வது? தமிழ் பேச ஒரு ஆள்கூட அங்கே இருக்காதே! மகளைக் கேட்டால், "எல்லாருக்கும் எல்லாத்தையும் விளக்கிக்கிட்டே இருக்க வேண்டாத ஒரு இடம் வேணும்மா" என்கிறாள். கணவர் வாயே திறப்பதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அங்கீகாரம் பற்றியது. ஊருக்கு ஒரு வரி, தமிழுக்கு ஒரு வரி. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகராக இருபது வருடம் ஓட்டியதில், பெற்றோர் எதைக் குறைவாக எழுதுகிறார்களோ அங்கேதான் விஷயம் இருக்கும் என்று எனக்குப் படிந்துவிட்டது. ஆனாலும் அங்கீகாரத்திலிருந்தே தொடங்குகிறேன். அது கேட்டால் பதில் கிடைக்கிற கேள்வி. ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம்.

நீங்கள் படித்தது உண்மை. தென் மாநிலக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் பெரிய அமைப்பு, 2018 டிசம்பரில் பென்னட்டை விலக்கத் தீர்மானித்தது. பாடம் சரியில்லை, ஆசிரியர் சரியில்லை என்பதெல்லாம் காரணம் இல்லை. கையிருப்புப் பணம் போதவில்லை என்பதுதான். அதன் பிறகு நடந்தது ஒரு தனிக் கதை. 2019 பிப்ரவரி 1க்குள் 50 லட்சம் டாலர் திரட்டியாக வேண்டும் என்று கல்லூரி ஊரறியக் கேட்டது. பழைய மாணவிகள், தேவாலயங்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கொடுத்து 80 லட்சத்தைத் தாண்டியது. பக்கத்து ஊர் ஹை பாயின்ட் பல்கலைக்கழகம் மட்டும் 10 லட்சம் கொடுத்தது. அப்படியும் மேல்முறையீடு தோற்றது. கல்லூரி நீதிமன்றத்துக்குப் போய், வழக்கு நடக்கும்வரை அங்கீகாரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த இடைவெளியில் டிராக்ஸ் என்ற வேறோர் அங்கீகார அமைப்பின் கதவைத் தட்டி உள்ளே போய்விட்டது. டிராக்ஸ் கிறித்தவக் கல்லூரிகளுக்கானது. அமெரிக்கக் கல்வித் துறை ஏற்றுக்கொண்ட அமைப்பு. எனவே பட்டம் செல்லும், மத்திய அரசு தரும் ஃபெடரல் கல்வி உதவியும் கிடைக்கும். ஆனால் என் பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைக் கல்வித் துறையே இணையத்தில் வைத்திருக்கிறது. விண்ணப்பம் போடும் அன்று ஒரு தடவை, மே 1ஆம் தேதி முன்பணம் கட்டும் முன் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பயம் வெறும் பயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்கு அரை மணி தூரத்தில், கான்கார்டில், பார்பர்-ஸ்கோஷியா கல்லூரி இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பெண்களுக்காக 1867இல் ஸ்கோஷியா செமினரி என்று தொடங்கியது. புகழ்பெற்ற கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூன் படித்த இடம். 2004இல் அங்கீகாரம் போனது. அங்கீகாரம் போனால் ஃபெடரல் உதவி நிற்கும். உதவி நின்றால் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் வேறு கல்லூரிக்குப் போவார்கள். அவர்கள் போனால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை. அந்தக் கல்லூரி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஒரு நாள் அந்தப் பக்கம் வண்டியை விட்டுப் பாருங்கள். அந்தக் கட்டடங்களைப் பார்த்தால் நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கே இது நடந்தது. இது கறுப்பினக் கல்லூரியில் இல்லை, வேறொரு மாநிலத்தில் ஒரு சின்னத் தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம் பாதியில், இந்தப் பருவத்தோடு மூடுகிறோம் என்று ஒரு மின்னஞ்சல். புதிய கல்லூரி அவளுடைய பாடங்களில் சிலவற்றை ஏற்கவில்லை. ஒரு பருவம் கூடுதலாகப் படித்து முடித்தாள். அவளைச் சேர்த்துவிட்டபோது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் சில இருந்தன. இன்று எல்லாரிடமும் கேட்கச் சொல்வது அவற்றைத்தான்.

முதலில் பண நிலை. தனியார் கல்லூரிகள் ஒவ்வொன்றுக்கும் கல்வித் துறை ஒரு நிதி மதிப்பெண் போடுகிறது. மைனஸ் 1இல் தொடங்கி 3 வரை போகும். 1.5க்கு மேலே இருந்தால் கவலையில்லை, 1க்குக் கீழே போனால் கல்லூரி தடுமாறுகிறது என்று பொருள். ஒரு வருட மதிப்பெண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐந்து வருடத்தை வரிசையாக வைத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் நேரிலேயே கேளுங்கள்: "ஒருவேளை மூட நேர்ந்தால், எங்கள் பிள்ளைகள் படிப்பை முடிக்க எந்தக் கல்லூரியோடாவது ஒப்பந்தம் வைத்திருக்கிறீர்களா?" கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் 2018ஐக் கடந்து வந்த கல்லூரி இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது. சுளித்தால் அதுவே ஒரு பதில்.

சின்னக் கல்லூரி என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் கவலைப்படலாம் என்பேன். நீங்கள் இதைக் கேட்கவே இல்லை. எட்டுப் பேர் வகுப்பில் பின் பெஞ்ச் கிடையாது. இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியரே போன் போடுவார். நம் பிள்ளைகளில் பலருக்கு அது வரம். ஆனால் ஒரு துறைக்கு இரண்டு மூன்று ஆசிரியர்கள்தான் என்றால், ஒருவர் வேலையை விட்டுப் போனாலே மேல் வகுப்புப் பாடம் ஒரு வருடம் நடக்காமல் போகலாம். உயிரியல் என்கிறாள், சரி. கரிம வேதியியல் கடந்த மூன்று வருடமும் நடந்ததா? ஆய்வுக்கூடத்தோடு நடந்ததா? மருத்துவக் கல்லூரிக்குக் கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஒரு பெயர் சொல்லிப் பெருமைப்படுவது எல்லாக் கல்லூரிக்கும் முடியும், எண்ணிக்கையைக் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி முக்கியமாகப் பார்ப்பது மதிப்பெண்ணையும் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வையும் முன்தேவைப் பாடங்களையும்தான். சின்ன இடத்தில் படித்தாள் என்பதே ஒரு குறையாகிவிடாது. அந்தப் பாடங்கள் அங்கே ஒழுங்காக நடக்கின்றனவா என்பதுதான் முக்கியம். அவளுக்கு இரண்டாம் வருடத்தில் மனம் மாறி வேறு துறை பிடித்துப்போனால், அந்தத் துறை அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். பதினெட்டு வயதில் எடுத்த பாடத்திலேயே கடைசிவரை நின்றவர்கள் எத்தனை பேர்? நான் நிற்கவில்லை.

இதற்கு ஒரு மாற்றும் அதே ஊரில் இருக்கிறது. பென்னட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகம். கறுப்பினக் கல்லூரிகளிலேயே மாணவர் எண்ணிக்கையில் பெரியது, மாநில அரசுடையது. நீங்கள் இதே மாநிலத்தவர் என்பதால் கட்டணம் குறைவு. பென்னட் மாணவிகள் அக்கம்பக்கக் கல்லூரிகளில் போய்ப் பாடம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அது இப்போது எந்தெந்தப் பாடத்துக்குச் செல்லும் என்று கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

பெண்கள் மட்டும் என்பதில் அவள் உறுதியாக இருந்தால் அட்லாண்டாவின் ஸ்பெல்மனுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் நூறு சொச்சத்தில் பெண்களுக்கானவை என்று மிஞ்சியிருப்பவை இந்த இரண்டுதான். 1881இல் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் நிலவறையில் 11 மாணவிகளோடு தொடங்கியது ஸ்பெல்மன். பென்னட்டும் அப்படித்தான், 1873இல் கிரீன்ஸ்பரோவில் ஒரு மெதடிஸ்ட் தேவாலய நிலவறையில். அங்கே முதலில் ஆண்களும் படித்தார்கள், பெண்கள் கல்லூரி ஆனது 1926இல். ஒரே மாதிரித் தொடங்கிய இரண்டும் இன்று வேறு வேறு உயரத்தில் இருக்கக் காரணம் பெரும்பாலும் பணம். ஸ்பெல்மனுக்குத் தொடக்கத்திலேயே ராக்ஃபெல்லர் குடும்பம் கிடைத்தது. பெயரே அந்த வீட்டு அம்மாளின் பிறந்த வீட்டுப் பெயர்தான். 2024இல் அதற்கு ஒரே நன்கொடையாக 10 கோடி டாலர் வந்தது. அங்கே இரண்டாயிரத்துக்கும் மேல் மாணவிகள். பக்கத்திலேயே மோர்ஹவுஸ், கிளார்க் அட்லாண்டா என்ற கறுப்பினக் கல்லூரிகளும் இருப்பதால் அங்கேயும் பாடம் எடுக்கலாம். அறிவியலில் முனைவர் பட்டம்வரை போகும் கறுப்பினப் பெண்களை அனுப்புவதில் அதற்குத் தனிப் பெயர். ஆனால் இடம் கிடைப்பது கஷ்டம், செலவும் அதிகம்.

செலவு என்றதும் ஒன்று. கல்லூரியிலிருந்து உதவித்தொகைக் கடிதம் வரும்போது மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். திருப்பித் தர வேண்டாத மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பேனாவால் பிரித்து எழுதுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் மானியம் 2025-26க்கு அதிகபட்சம் 7,395 டாலர். மாநிலத்துக்குள்ளேயே தனியார் கல்லூரியில் படிப்பவர்களுக்கு வட கரோலினாவின் தேவை அடிப்படையிலான உதவியும் இருக்கிறது. இரண்டும் உங்கள் வருமானத்தைப் பொறுத்தவை. பேரண்ட் பிளஸ் என்று ஒரு வரி இருந்தால், அது உங்கள் தலையில் ஏறும் கடன். சில கடிதங்களில் அதையும் உதவிப் பட்டியலிலேயே சேர்த்து எழுதியிருப்பார்கள்.

சரி, காகித வேலை முடிந்தது. இனி அந்த ஒரு வரிகளுக்கு வருவோம்.

ஊரில் என்ன சொல்வது? கறுப்பினத்தவரைக் கல்யாணம் செய்துகொண்டபோதே இந்தப் பரீட்சையை நீங்கள் எழுதி முடித்தவர். ஓய்ந்துபோன பேச்சு மறுபடியும் கிளம்புமே என்ற அலுப்பு எனக்குப் புரிகிறது. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயித்தபோது மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்ததை உங்கள் சொந்தக்காரர்களும் டிவியில் பார்த்திருப்பார்கள். அந்த ஊர்க் குடும்பத்துச் சியாமளாவின் மகள் அவர். அவர் 1986இல் பட்டம் வாங்கியது ஹோவர்டில். அதுவும் கறுப்பினக் கல்லூரிதான். ஊரில் பலர் அதை ஹார்வர்ட் என்று காதில் வாங்கிக்கொண்டிருப்பார்கள், அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, அங்கீகாரக் கவலையை இந்தக் கூச்சத்துக்குப் போர்வையாக்கிவிடாதீர்கள் என்பதைத்தான். போர்த்தினால் மகள் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் நீங்கள் நியாயமாகக் கேட்கும் பணக் கேள்வியைக்கூட அவள் நம்பமாட்டாள்.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், தமிழ்க் குடும்பங்களுக்கு நான் போட்டுக் கொடுத்த பட்டியல்களில் இந்தக் கல்லூரிகள் கடைசியில்தான் இருக்கும், இருந்தால். உங்கள் மகளைப் போலவே அப்பா கறுப்பினத்தவராக இருந்த ஒரு பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதை யாருக்காகப் போட்டீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மகள் சொன்ன வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். பள்ளியிலேயே கல்லூரி அளவுப் பாடம் நடத்தும் ஏ.பி. வகுப்பில் அவளைப் போலத் தெரிகிற பெண் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். தலைமுடி, பெயர், அம்மா எந்த ஊர், அப்பா எந்த இனம் என்று நாள் முழுதும் பதில் சொல்லி அலுத்த பிள்ளை அவள். கறுப்பினக் கல்லூரியில் அவளுடைய தமிழ் பாதியை விளக்க வேண்டியிருக்காதா என்றால், இருக்கும்தான். ஆனால் கரீபியனிலிருந்து வந்தவர், நைஜீரியாவிலிருந்து வந்தவர், உங்கள் மகள் மாதிரி இரண்டு பக்கம் உள்ளவர் எனக் கறுப்பினம் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அங்கே பல ஊர் இருக்கிறது. அவள் வெளியாள் ஆகிவிடமாட்டாள்.

"அவள் போவது அப்பா பக்கத்துக்கு, என் பக்கத்தை விட்டு." உங்கள் தமிழ் வரியை நான் அப்படித்தான் வாசித்தேன். தப்பென்றால் மன்னியுங்கள். சரியென்றால், அதை அங்கீகாரத்துக்குள் ஒளிக்காமல் அவளிடம் அப்படியே சொல்லுங்கள், தமிழிலேயே. சேப்பல் ஹில்லில் தமிழ் மாணவர்கள் இருப்பார்கள், தீபாவளி இருக்கும். அதனாலேயே அவள் அங்கே தமிழ் பேசுவாள் என்பது நிச்சயமா? அவள் தமிழ் இதுவரை உங்களோடு நடந்தது. கிரீன்ஸ்பரோவிலிருந்தும் போன் எட்டும்.

மகளிர் கல்லூரி என்றதும் மதுரையில் நீங்கள் பார்த்த காம்பவுண்டுச் சுவரும் ஹாஸ்டல் வார்டனும் ஞாபகம் வரலாம். பென்னட்டிலும் ஒரு காலத்தில் கெடுபிடி உண்டு. கடைத்தெருவுக்குப் போனால் தொப்பியும் கையுறையும் போட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தொப்பிக்காரப் பெண்கள்தான் 1937இல், கறுப்பின நடிகர்கள் வேலைக்காரராக அல்லாமல் வரும் காட்சிகளை வெட்டுகிறார்கள் என்று நகரத்துச் சினிமாத் தியேட்டரைப் புறக்கணித்துப் போராடினார்கள். 1958 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் பேச கிரீன்ஸ்பரோவில் வேறு யாரும் இடம் தரத் துணியாதபோது பென்னட்டின் ஆலயக் கூடம் திறந்தது. அப்போது தலைவராக இருந்தவர் வில்லா பிளேயர். முழு அங்கீகாரம் பெற்ற நான்காண்டுக் கல்லூரி ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண். 1960இல் வூல்வொர்த் கடையில், வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருந்த இடத்தில் உட்கார்ந்து போராடிய நான்கு பேரும் ஏ அண்ட் டி மாணவர்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் நடந்த திட்டமிடலில் பென்னட் பெண்களுக்கும் பங்கு இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1963இல் இனப் பாகுபாட்டை எதிர்த்துப் போராடிய மாணவிகள் கூட்டம் கூட்டமாகக் கைதானபோது, சிறையில் இடம் போதாமல் பழைய போலியோ ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். வில்லா பிளேயர் அங்கே போய்த் தன் மாணவிகளைப் பார்த்தார். பாடமும் பரீட்சையும் தவறாமல் இருக்க ஏற்பாடு செய்தார்.

உங்கள் மாமியார் படித்தது அறுபதுகளில் என்று எழுதியிருக்கிறீர்கள். 1963இல் அவர் எங்கே இருந்தார்? கேட்டிருக்கிறீர்களா? உங்கள் கணவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கும் அங்கே ஏதாவது இருக்கலாம். தன் அம்மா படித்த கல்லூரியை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் வீட்டில் யாரோ ஒருவர் வருத்தப்படுவார்கள் என்று நினைக்கிறாரோ என்னவோ.

ஷார்லட்டிலிருந்து கிரீன்ஸ்பரோ ஒன்றரை மணி நேரம். கல்லூரியே அழைக்கும் விழா நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கிற ஒரு செவ்வாயோ புதனோ, முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள். மகளை ஒரு மாணவியோடு தனியாகச் சுற்ற விடுங்கள், இரண்டு மணி நேரமாவது. அந்த நேரத்தில் நீங்கள் நிதி உதவி அலுவலகத்தில் உட்கார்ந்து மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். மதியம் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்திலேயே சாப்பிடுங்கள். சாயங்காலம் நேரம் இருந்தால் அந்த வூல்வொர்த் கடை இப்போது மியூசியமாக இருக்கிறது, எல்ம் தெருவில். மாமியாருக்கு உடம்பு ஒத்துழைத்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன் சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மகளோடு பின்னால் உட்காருங்கள்.

போய் வந்த பிறகு ஒரு வரி எழுதுங்கள். கரிம வேதியியலுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.